அக்கா வீட்டுக்காரர் குடியை விடச் சம்மதித்துவிட்டார். வீட்டிலேயே நிறுத்தலாமா, மையத்தில் சேர்க்கணுமா?

தறிநாடா எழுதியது:

அக்கா வீட்டுக்காரருக்கு வயது 43, சேலத்தில் விசைத்தறி வேலை, வாரக்கூலி. பல வருஷக் குடி. இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர், சனிக்கிழமை அதற்கு மேல். சில மாதங்களாகக் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கைநடுக்கம் நிற்கிறது. இப்போது அவரே "விட்டுடறேன், ஏதாவது செய்யுங்க" என்கிறார். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

வீட்டிலேயே வைத்து நிறுத்தினால் போதும் என்கிறார் மாமாவின் அண்ணன். ஒரு மறுவாழ்வு மையத்தில் கேட்டதற்கு, "நீங்க சொன்னா போதும், ராத்திரி வண்டி அனுப்பி நாங்களே தூக்கிக்கிறோம், மூணு மாசம், முதல் மாசம் போன் கிடையாது" என்றார்கள். அக்காவோ சாப்பாட்டில் கலக்கும் பொடி ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். கவுன்சிலிங் என்பதெல்லாம் வெறும் புத்திமதிதானே என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். எதை முதலில் செய்வது?

---

அல்லித்தண்டு:

காலைக் கட்டிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்று போதும். இவர் வீட்டில் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். குவார்ட்டர் 180 மி.லி., பாட்டிலில் போட்டிருக்கும் அளவு 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டரில் சுமார் 77 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராம். இரண்டு என்றால் நாளுக்கு 120 கிராம். வருஷக்கணக்கில் இதற்குப் பழகிய மூளை, சரக்கின் அமுக்கத்தை ஈடுகட்டவே எப்போதும் முடுக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சரக்கை மட்டும் திடீரென்று எடுத்தால் அந்த முடுக்கம் அப்படியே நின்றுவிடாது. அதுதான் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாள் தாண்டி நான்காம் நாள் வரை இன்னொரு ஆபத்து: ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவது, ஓடாத தறியை ஓட்டுவது போலக் கை அசைப்பது, கூடவே காய்ச்சல். "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். இது உயிர் போகக்கூடிய நிலை, உடனே 108. வலிப்பு, ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பாக மலம் போவது, இவற்றுக்கும் அதேதான்.

ஆகவே டாக்டரைப் பார்க்கும்வரை நீங்களாகப் பாட்டிலைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் மேற்பார்வை இல்லாத மூன்று நாள் நிறுத்தத்தைவிட, மேற்பார்வைக்குப் போகும்வரை வழக்கமான அளவே தொடர்வது பாதுகாப்பு.

டாக்டர் தருவது லிப்ரியம் வகை மாத்திரை. ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அந்தச் சீட்டை வைத்து மெடிக்கலில் திரும்பத் திரும்ப வாங்கக் கூடாது. அதுவும் பழக்கமாகும், சரக்கோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தெருமுனைக் கிளினிக்கில் "ரொம்ப வீக்கா இருக்கார்" என்று நேரே குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், ஏற்கெனவே வற்றியிருக்கும். குளுக்கோஸ் உள்ளே போனால் மிச்சமிருப்பதும் செலவாகிவிடும். கண் பார்வை நிலைகொள்ளாமல் ஆடும், நடை தள்ளாடும், மனம் குழம்பும், சிலருக்கு ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போகும். "தினம் குடிப்பவர், முதலில் தயமின் ஊசி போடுங்க, அப்புறம் ட்ரிப்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

---

நொச்சி:

அந்த ராத்திரி வண்டிக்காரர்களுக்கு இன்றே "வேண்டாம்" சொல்லிவிடுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அவரே சம்மதித்திருப்பதால் 86ஆம் பிரிவின்படி அவர் கையெழுத்தில் சேரலாம். வெளியே போகிறேன் என்றாலும் பொதுவாக விட்டாக வேண்டும். மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்க டாக்டருக்கு இடமுண்டு, அவ்வளவுதான்.

சம்மதமில்லாதவரைச் சேர்க்க 89ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் "குடிக்கிறார்" என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலை வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 30 நாள். வாசலில் வண்டியை நிறுத்தி நாலு பேர் தூக்கிப்போவது இதில் எங்கே வருகிறது? எங்கும் இல்லை.

மையத்தைப் பார்க்கப் போகும்போது மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். "புதுப்பிக்கக் கொடுத்திருக்கோம்" என்றால் நகலைக் கேளுங்கள். டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி என்றும் கேளுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் மொட்டை அடித்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கட்டாய மொட்டை, கட்டாயச் சீருடை, கட்டாய வேலை மூன்றும் 20ஆம் பிரிவில் கூடாது என்று எழுதியே இருக்கிறது. சங்கிலி 95இல் தடை. போன் பேசுவதும் பார்வையாளரைச் சந்திப்பதும் 26இன்படி அவருடைய உரிமை. "முதல் மாசம் போன் கிடையாது" என்பதற்கு நான் கொடுக்கும் அர்த்தம், அடி விழுந்தால் வெளியே தெரியக் கூடாது என்பதுதான்.

உங்கள் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. செலவில்லை. முதலில் அங்கே. சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1980இல் தொடங்கி இதற்காகவே இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையும் அங்கே உண்டு, அதில் குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வார்கள். சேலத்துக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் எட்டாத தூரமில்லை. எங்கே போவது என்றே புரியவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். போதைக்கென்றே 14446.

---

பனங்கிழங்கு:

பொடி பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். "குடிச்சா உடனே வாந்தி வரும்" என்று விளம்பரம் செய்தால் டைசல்ஃபிரம் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

டைசல்ஃபிரம் மோசமான மருந்தில்லை. தெரிந்து, சம்மதித்து, மனைவி கையால் தினமும் வாங்கிச் சாப்பிடும் சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆல்கஹால் உடம்பில் சிதையும்போது நடுவில் உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு சிதைய விடாமல் அது தடுத்துவிடும். பத்து முப்பது நிமிஷத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், வாந்தி, நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கலந்தால் ஆஸ்பத்திரியில் அவர் என்ன சொல்வார்? டாக்டர் மாரடைப்பு என்று நினைத்து வேறு வழியில் போவார்.

மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். அந்தக் காலத்தில் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள், ஆல்கஹால் உள்ள இருமல் சிரப், டானிக் எதுவும் ஆகாது. ஈரல் பரிசோதனை செய்யாமல் தொடங்கவே கூடாது.

வேறு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. தினம் ஒன்று, குடித்தால் வரும் கிறக்கத்தை மட்டுப்படுத்தும். டிராமடால் மாதிரி வலி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் 333 மி.கி., வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, நிறுத்திய பிறகு வரும் தவிப்பைக் குறைக்கும். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

---

தறிநாடா:

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. போன முறை சபரிமலைக்கு மாலை போட்டபோது 40 நாளுக்கு மேல் தொடவே இல்லை. "நினைச்சா நிறுத்துவான், இவன் எப்படி அடிமை?" என்கிறார் அவர் அண்ணன். அதே மாதிரி இப்போது முடியாதா? கவுன்சிலிங்கில் அப்படி என்னதான் செய்வார்கள்?

---

ஆவாரம்பூ:

மாலை போட்டபோது காலைக் கட்டிங் இருந்ததா என்று அக்காவிடம் கேளுங்கள். இல்லையென்றால் அந்த அனுபவத்தை இப்போது நம்ப முடியாது. குடித்து நிறுத்தி, மறுபடி குடித்து நிறுத்தி, ஒவ்வொரு முறையும் நடுக்கமும் வலிப்பு அபாயமும் கூடக்கூடும்.

ஆனால் அந்த 40 நாளைக் கேலி செய்யாதீர்கள். என்னைக் கேட்டால் கவுன்சிலர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. விடியற்காலையில் குளியல், சாயங்காலம் பஜனை, கூடவே அதே விரதத்தில் நாலு பேர். குடிக்கிற நேரத்தில் போக ஓர் இடம் இருந்தது. அதில் ஒரே குறை, முடியும் தேதி முன்கூட்டியே தெரியும். மாலையைக் கழற்றிய அன்றே பாட்டில். அந்த ஏற்பாடுகளைத் தேதி இல்லாமல் அமைத்துக் கொடுப்பதுதான் கவுன்சிலிங்கின் பெரும்பகுதி. சாமி கயிறு கட்டுவதும் அப்படித்தான்: கட்டட்டும், ஆனால் நடுக்கம் தீர்ந்த பிறகு, மருந்தோடு.

முதல் சந்திப்பில் நல்ல கவுன்சிலர் புத்திமதி சொல்ல மாட்டார். "குடியால உங்களுக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்பார். வீட்டார் திடுக்கிடுவார்கள். உடம்பு வலி போகுது, தூக்கம் வருது, பட்டறையில் பேச்சுத்துணை கிடைக்குது என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த ஒவ்வொன்றுக்கும் வேறு வழி தேட வேண்டும் என்பது தெளிவாகும். அதன் பிறகுதான் என்ன போச்சு என்ற கணக்கு, அதையும் அவர் வாயாலேயே.

அடுத்து வாரத்தைப் பிரித்துப் போடுவார்கள். கடை திறப்பது பகல் 12 மணிக்கு. காலைக் கட்டிங் என்றால் முந்தின இரவே கொஞ்சம் மிச்சம் பிடித்து எங்கோ வைக்கிறார் என்று அர்த்தம். எங்கே? தறிக்கு அடியிலா, வண்டி டூல் பாக்ஸிலா? சனிக்கிழமை கூலி எத்தனை மணிக்கு, எந்த வழியாக வீடு? கூலியை அக்கா கணக்கில் போடச் சொல்லி முதலாளியிடம் அவரே பேசுவது, அன்று மட்டும் வேறு ரோட்டில் வருவது, பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிடுவது என்று சின்னச் சின்னதாக முடிவு செய்வார்கள். பசி, கோபம், தனிமை, அசதி நான்கும் குடிக்குத் துணைபோகிறவை. கூட்டாளி அழைத்தால் சொல்ல ஒரே வரியை ஒத்திகை பார்ப்பார்கள்: "டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார், தொட்டா ஆகாது." அதற்கு மேல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எதிராளி வாதாடி ஜெயித்துவிடுவான்.

ஆசை தாங்க முடியாமல் கிளம்பும்போது பெரும்பாலும் இருபது முப்பது நிமிஷத்தில் உச்சம் தாண்டித் தணியும். அந்த நேரத்தை ஓட்ட என்ன செய்வது, யாருக்குப் போன் என்பது சட்டைப்பையில் எழுதியிருக்க வேண்டும்.

சந்திப்பு ஒன்று முக்கால் மணி நேரம். முதல் மூன்று மாதம் வாரம் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று, ஒரு வருஷமாவது. பத்து நாளில் நடுக்கம் நின்றதும் "குணமாயிட்டார்" என்று விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தூக்கம் சரியாக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அந்தத் தூக்கமின்மையே பலரைத் திரும்பக் கடைக்கு அனுப்புகிறது. மன அழுத்தம் தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில வாரம் குடி இல்லாமலிருந்தும் அது போகவில்லையென்றால் தனிச் சிகிச்சை வேண்டும்.

நடுவில் ஒருநாள் சறுக்கினால் அன்றிரவு பஞ்சாயத்து வேண்டாம். மறுநாள் காலை கவுன்சிலரிடம் கூட்டிப்போங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மறுபடி திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம்.

"கவுன்சிலர்" என்று யாரும் பலகை மாட்டிவிடுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே நடக்கின்றன. மாலைக் கூட்டாளிகளின் இடத்தை நிரப்ப அதுவே பலருக்குத் தோதாக இருக்கிறது.

---

நொச்சி:

அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்கும் தனியாக ஒரு சந்திப்புக் கேளுங்கள். போதையில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம், அவர் வாங்கிய கடனை அக்கா அடைக்க வேண்டாம், "காய்ச்சல்" என்று பட்டறைக்குப் பொய் சொல்ல வேண்டாம். இதெல்லாம் சொல்வதற்குச் சுலபம், பழக ஆறு மாசம் ஆகும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு. கை நீட்டுகிறார் என்றால் பெண்கள் உதவி எண் 181. வீட்டில் பூச்சிமருந்து, சாணிப்பவுடர் எதுவும் இருக்க வேண்டாம். குடி, சண்டை, அவமானம் மூன்றும் சேரும் ராத்திரியில் எட்டும் தூரத்தில் விஷம் இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை ஓ.பி.க்குப் போகும்போது ஆதார், பழைய சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரையும் எடுத்துப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.