வாரநாள் ராத்திரி பாஸ்தா: ஒரே வாணலியா, தனியா வேகவச்சு வடிக்கணுமா?

அடுப்படி_அவசரம்

வேலை முடிஞ்சு வந்து இருபது நிமிஷத்துல சாப்பாடு தட்டுக்கு வரணும், அதுல சத்தும் இருக்கணும்னா பாஸ்தாவை சாஸோட சேர்த்து ஒரே வாணலியில வேகவைக்கிறதுதான் வழி. நாலு லிட்டர் தண்ணி கொதிக்க வைக்கிறதெல்லாம் வாரநாளுக்கு ஆகுற வேலையில்ல. அது கொதிக்கவே கால் மணி நேரம் தாண்டிடும்.

ரெண்டு பேருக்கு அளவு: ஸ்பகெட்டி 160 கிராம், பாதியா வெட்டின செர்ரி தக்காளி 250 கிராம், மெல்லிசா சீவின வெங்காயம் பாதி, பூண்டு 3 பல், ஆலிவ் எண்ணெய் 4 தேக்கரண்டி, தண்ணி 500 மி.லி. ஸ்பகெட்டி உடைக்காம படுக்கிற அளவுக்கு, அதாவது 28 செ.மீ. அகல வாணலி. எல்லாத்தையும் பச்சையாவே போட்டு முழுத் தீயில வைங்க. கொதி வந்ததும் 9 நிமிஷம். அதுல முதல் 3 நிமிஷம் இடுக்கியால விடாம பிரட்டணும், இழைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிறது அந்த நேரத்துலதான். கடைசி ஒரு நிமிஷத்துல 100 கிராம் பசலைக்கீரை. மாவுச்சத்து முழுக்க வாணலியிலேயே நிக்கிறதால சாஸ் தானா கெட்டிப்படும், க்ரீம் தேவையே இல்ல.

தனியா வடிக்கிறதுதான் சரின்னு சொல்றவங்க காரணத்தோட வாங்க.

வடிதட்டு

வந்தாச்சு. முதல்ல, நாலு லிட்டர் யார் கேட்டா? 160 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் தாராளம். 2 கிலோவாட் மின்கெட்டில்ல அது நாலு நிமிஷத்துல கொதிச்சிடும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்புங்கிறது இத்தாலியில வழிவழியா சொல்ற கணக்கு. அதுல தண்ணியைப் பாதியாக்கினாலும் ஒண்ணும் கெடாது. முதல் ரெண்டு நிமிஷம் கிளறி விட்டா போதும்.

அடுத்தது நேரம். தண்ணி கெட்டில்ல இருக்கும்போதே வாணலியில எண்ணெயும் பூண்டும் இறங்கிடும். பாஸ்தா வேகுற 8 நிமிஷத்துல தக்காளி உடைஞ்சு சாஸ் ஆகியிருக்கும். ப்ரோக்கோலியை பாஸ்தா தண்ணியிலேயே கடைசி 3 நிமிஷம் போட்டா அதுக்குத் தனி அடுப்பும் வேண்டாம். பாக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னாடியே பாஸ்தாவை எடுத்து, ஒரு கரண்டி தண்ணியோட (100 மி.லி. மாதிரி) சாஸ்ல தள்ளி, மீதி ரெண்டு நிமிஷம் அங்க வேகவிடணும். மொத்தம் 16, 17 நிமிஷம். உங்க முறையில என்ன மிச்சமாகுது? ஒரு பாத்திரம் கழுவுறது, அவ்வளவுதான்.

அதுக்குக் கொடுக்கிற விலை என்ன? வெங்காயமும் பூண்டும் தண்ணியில வெந்த ருசி. எண்ணெயில வதங்கின பூண்டோட மணம் தண்ணியில கொதிச்ச பூண்டுல வராது.

பூண்டுப்பல்

பேர்லயே பூண்டு இருக்கிறதால இதுக்கு மட்டும் பதில். வடிதட்டு சொல்றது சரி. ஆனா பூண்டை வதக்குறேன்னு பாதிப் பேர் கருக்கிடறாங்க. காய்ஞ்ச எண்ணெயில போடாதீங்க. ஆறின வாணலியில எண்ணெய், அதுல நாணயம் மாதிரி மெல்லிசா சீவின பூண்டு, அப்புறமா சின்னத் தீ. ஓரத்துல பொடிப்பொடியா குமிழி வரும். துண்டோட விளிம்பு வைக்கோல் நிறத்துக்கு வந்த உடனே தக்காளியோ ஒரு கரண்டி தண்ணியோ ஊத்திடுங்க. எண்ணெய் சூட்டுலேயே அது இன்னும் கொஞ்சம் வெந்துக்கும். பழுப்பு ஏறிட்டா கசப்பு, எதைப் போட்டாலும் மறையாது. கொட்டிட்டு புதுசா தொடங்குறதுதான் மிச்சம்.

அடுப்படி_அவசரம்

பூண்டு விஷயத்துல ஒத்துக்கிறேன். அதே வாணலியில முதல் 2 நிமிஷம் எண்ணெயில பூண்டு, வெங்காயம், அப்புறம் தண்ணியும் பாஸ்தாவும். இப்பவும் ஒரே பாத்திரம்தானே?

வடிதட்டு

பாத்திரம் ஒண்ணுதான், ஆனா பதம் உங்க கையில இல்லையே. வடிக்கிற முறையில ஒரு இழையை எடுத்துக் கடிச்சுப் பார்த்து, நடுவுல ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே எடுத்துடலாம். சாஸ் பாட்டுக்கு தன் வேலையைப் பார்க்கும். உங்க வாணலியில பாஸ்தா வேகுறதும் தண்ணி வத்துறதும் ஒரே நேரத்துல முடிஞ்சாகணும். பாஸ்தா வெந்து தண்ணி மிஞ்சினா, வத்தவைக்கிறதுக்குள்ள குழைஞ்சிடும். தண்ணி வத்தி பாஸ்தா வேகாம நின்னா அடிபிடிக்கும். நாலு பேருக்குப் பண்ணும்போது இது இன்னும் மோசம்.

அடுப்படி_அவசரம்

நாலு பேருக்குன்னா எல்லாரும் பண்ற தப்பு, தண்ணியையும் ரெண்டு மடங்காக்குறது. தண்ணி எங்க போகுதுன்னு பார்த்தா புரியும். 160 கிராம் பாஸ்தா வேகும்போது கிட்டத்தட்ட 200 மி.லி. குடிக்கும். இன்னொரு 200, 250 ஆவியாப் போகும். மீதியும் தக்காளி விடுற தண்ணியும்தான் சாஸ். பாஸ்தாவை 320 கிராம் ஆக்கினா குடிக்கிறது இரட்டிக்கும், சரி. ஆனா வாணலி அகலமும் தீயும் மாறலையே, ஆவி அதே அளவுதான் போகும். அதனால 1000 வேண்டாம், 850 மி.லி. போதும். பக்கத்துல 150 மி.லி. வெந்நீர் வச்சுக்குங்க, குறைஞ்சா சேர்க்க. வெந்நீர்தான், பச்சைத் தண்ணி ஊத்தினா கொதி அடங்கி பாஸ்தா ஊற ஆரம்பிச்சிடும்.

ஏழாவது நிமிஷத்துல ஒரு இழையைக் கடிச்சுப் பாருங்க. நடு கடினமா இருந்து தண்ணி விரக்கடைக்கும் குறைவா தெரிஞ்சா 50 மி.லி. சேர்க்கணும். பதம் பக்கத்துல வந்து தண்ணி அதிகமா இருந்தா தீயைக் கூட்டணும். இதுக்குப் பேர்தான் கைப்பதம், இது வடிக்கிறவங்களுக்கு மட்டும் சொந்தமில்ல.

நார்க்கணக்கு

இருவரும் நேரத்தையும் ருசியையும் பேசுகிறீர்கள். தலைப்புப் பதிவில் "சத்து" என்ற சொல்லும் இருந்தது, அதை யாரும் தொடவில்லை.

முதலில் உப்பு. வடிதட்டு சொன்ன லிட்டருக்கு 10 கிராம் கணக்கு, தண்ணீரைக் கீழே ஊற்றுகிற முறைக்கானது. 160 கிராம் பாஸ்தா 200 மி.லி. உறிஞ்சினால், அதனுடன் உள்ளே போவது ஏறத்தாழ 2 கிராம் உப்பு, ஆளுக்கு 1 கிராம். அதே செறிவில் ஒரே வாணலியில் 500 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் போட்டால் அத்தனையும் தட்டுக்கே வந்துவிடும், ஆளுக்கு 2.5 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வேளையிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது, மேலே தூவும் சீஸின் உப்பு தனி. ஆகவே ஒரே வாணலிக்காரர்கள் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகப் போட்டு, கடைசியில் எலுமிச்சைச் சாறு பிழிவது நல்லது. புளிப்பு வந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. வடிக்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாஸில் சேர்க்கும் அந்தக் கரண்டித் தண்ணீரிலும் ஒரு கிராம் உப்பு இருக்கிறது. சாஸுக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள்.

அடுத்தது அளவு. 80 கிராம் உலர் பாஸ்தாவில் சுமார் 285 கலோரி, 10 கிராம் புரதம், 2.5 கிராம் நார்ச்சத்து. பாஸ்தாவை 60 கிராமாகக் குறைத்து, வெந்த கொண்டைக்கடலை 100 கிராம், காய் 200 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி, துருவிய பார்மசான் சீஸ் 15 கிராம் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் 570 கலோரியை ஒட்டி வரும். புரதம் 25 கிராமைத் தொடும், நார்ச்சத்து 13, 14 கிராம். தட்டில் அளவும் குறையாது. எந்தப் பாத்திரத்தில் வேகவைத்தீர்கள் என்பதைவிட இதுதான் உடம்புக்குத் தெரியும்.

வடிதட்டு

உப்புக் கணக்கு எனக்கே சாதகமா இருக்கு, நன்றி :)

அடுத்து முழுகோதுமை பாஸ்தாவுக்கு மாறச் சொல்லப் போறீங்கன்னு தெரியுது. அதுக்கு முன்னாடியே என் மறுப்பு: அதுல இருக்கிற தவிடு மாவோட பசைப்பிணைப்பை அங்கங்க அறுத்துடும். அதனால ஒரு நிமிஷம் கூடினாலே விண்டு போகும். லேசான கசப்பு வேற.

நார்க்கணக்கு

விண்டு போகும் என்பது உண்மை, அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. நார்ச்சத்து வெள்ளைப் பாஸ்தாவைப் போல இரண்டு, மூன்று மடங்கு. குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். வெறும் தக்காளிச் சாஸுடன் கசப்பு எடுத்துக் காட்டும்; நன்றாகச் சிவக்க வதக்கிய காளான், பூண்டு, கீரை, மிளகாய்ச் செதில் சேர்ந்தால் தெரியாது.

ஆனால் வெள்ளைப் பாஸ்தாவையும் வில்லனாக்க வேண்டாம். டியூரம் என்ற கடின வகைக் கோதுமையின் ரவையை அழுத்திப் பிழிந்து செய்வதால் அதன் உள்ளமைப்பு நெருக்கமானது. மாவுச்சத்து புரத வலைக்குள் மாட்டியிருக்கும். அதனால் அதே மாவுச்சத்துள்ள வெள்ளை ரொட்டியைவிட மெதுவாகத்தான் செரிக்கும். குழைய வேகவைத்தால் இந்த நன்மை குறைந்துவிடும். பதம் பார்ப்பது ருசிக்கு மட்டுமில்லை.

அடுப்படி_அவசரம்

பருப்பு மாவுல செஞ்ச பாஸ்தா? 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல புரதம்னு பாக்கெட்ல இருக்கே.

வடிதட்டு

தயவுசெஞ்சு அதை உங்க வாணலியில போட்டுடாதீங்க. அதுல கோதுமையோட பசைப்புரதம் கிடையாது. பால் மாதிரி நுரை பொங்கும், தண்ணி கலங்கிக் கூழாகும், நீங்க பிரட்டப் பிரட்ட உடையும். அதுக்கு நிறையத் தண்ணி, நடுத் தீ, திறந்த பாத்திரம். ஆறாவது நிமிஷத்துல கடினமா இருக்கும், எட்டாவதுல மசிஞ்சிடும். பக்கத்துலேயே நிக்கணும்.

அடுப்படி_அவசரம்

சரி, இது உங்களுக்கு ஒரு புள்ளி.

புதுக்கரண்டி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு கேள்வி. கொதி வந்ததும் அடுப்பை அணைச்சுட்டு மூடி வச்சாலே பாஸ்தா வெந்துடும்னு சொல்றாங்களே, நிஜமா? இன்னொண்ணு, சீஸ் போட்டா கட்டி கட்டியா திரண்டு கரண்டியில ஒட்டிக்குது. ஏன்?

பூண்டுப்பல்

முதல் கேள்வி 2022-ல இத்தாலியில பெரிய சண்டையே ஆச்சு. இயற்பியல் நோபல் வாங்கின ஜார்ஜோ பாரிசி அந்த முறையை முகநூல்ல பகிரப் போக, சமையல்காரங்க கொதிச்சிட்டாங்க (தண்ணி கொதிக்காமலே). விஷயம் சரிதான். மாவுச்சத்து வேக 100 டிகிரி தேவையில்ல, 80-க்கு மேல நின்னா போதும். பாஸ்தா போட்டு 2 நிமிஷம் கொதிக்கவிட்டு, அணைச்சு, இறுக்கமா மூடி, பாக்கெட் நேரத்தோட ஒரு நிமிஷம் கூட்டி வைக்கணும். அடி கனமான பாத்திரமும் ஒரு லிட்டருக்கு மேல தண்ணியும் இருந்தாதான் சூடு நிக்கும். மெல்லிசு பாத்திரத்துல அரை லிட்டர் வச்சா வெளியில பிசுபிசு, உள்ள மொறுமொறு.

சீஸ் திரள்றது சூட்டாலதான். கொதிக்கிற சாஸ்ல விழுந்தா அதோட புரதம் சுருண்டு கொழுப்பை வெளியே தள்ளிடும். அடுப்பை அணைச்சு ஒரு நிமிஷம் விட்டு, தூள் மாதிரி மெல்லிசா துருவின சீஸை ரெண்டு மூணு தடவையா தூவி, ரெண்டு கரண்டி பாஸ்தா தண்ணியோட வேகமா கலக்குங்க. துருவி பாக்கெட்ல வர்றது ஒட்டாம இருக்க மாவோ செல்லுலோஸோ கலந்தது, அது சரியா உருகாது. கட்டியா வாங்கித் துருவுங்க.

வடிதட்டு

அந்தப் பாஸ்தா தண்ணி எங்கிருந்து வரும்? வடிச்சாதானே!

அடுப்படி_அவசரம்

எங்க வாணலியில அது ஏற்கெனவே சாஸ்லதான் இருக்கு, தனியா எடுத்து வைக்க மறக்கிற பிரச்சினையே கிடையாது. வடிதட்டுல மொத்தத்தையும் கொட்டினதுக்கு அப்புறம் "ஐயோ, தண்ணி" ங்கிறது வடிக்கிறவங்க பிரச்சினை.

வடிதட்டு

அதுக்குத்தான் ஒரு கோப்பையை வடிதட்டுக்குள்ளேயே வச்சிருக்கணும். அதை எடுக்காம வடிக்கவே முடியாது. தண்ணியில எண்ணெய் ஊத்துறதும், வடிச்ச பாஸ்தாவைக் குழாயில அலசுறதும் வேண்டாம். எண்ணெய் மேலேயே மிதந்து, வடிக்கும்போது பாஸ்தா மேல படிஞ்சு சாஸை வழுக்கிவிடும். அலசினா சாஸைப் பிடிக்கிற மாவுச்சத்து போயிடும். ஆறவச்சுச் சாப்பிடுற சாலட்டுக்கு மட்டும் அலசலாம்.

நார்க்கணக்கு

மீதம் வைப்பதிலும் வடிக்கும் முறைக்கு ஒரு வசதி உண்டு. சாஸையும் பாஸ்தாவையும் தனித்தனியாகக் குளிர்பெட்டியில் வைத்தால் 3 நாள் தாங்கும்; கலந்து வைத்தால் பாஸ்தா சாஸை முழுக்கக் குடித்து ஊதிவிடும். தக்காளிச் சாஸை மட்டும் விடுமுறை நாளில் மொத்தமாகச் செய்து, ஒரு வேளை அளவாக உறையவைத்தால் 3 மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் வாரநாளில் பாஸ்தா வேகும் நேரம் மட்டுமே வேலை.

புதுக்கரண்டி

எல்லாருக்கும் நன்றி. வீட்டுல இப்ப இருக்கிறது பென்னே (குழாய் மாதிரி இருக்கிற பாஸ்தா) 160 கிராம், உறைபட்டாணி, வெந்த கொண்டைக்கடலை. ஸ்பகெட்டிக்குச் சொன்ன அதே 500 மி.லி. போதுமா?

அடுப்படி_அவசரம்

போதாது. பென்னே சுவர் தடிமன், 11, 12 நிமிஷம் எடுக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி ஆவியும் கூடப் போகும். 600 ஊத்துங்க. தக்காளி போடலைன்னா 700. கொண்டைக்கடலையை முதல்லயே போடலாம், ஒரு கைப்பிடியை மசிச்சு விட்டா சாஸ் இன்னும் கெட்டியாகும். பட்டாணியை உறைஞ்சபடியே கடைசி 2 நிமிஷத்துல போடுங்க. அது கொதியை அடக்கிடும், அந்த நேரத்துல தீயைக் கூட்டிடுங்க.

வடிதட்டு

இல்லைன்னா ஒன்றரை லிட்டர்ல வேகவச்சு வடிங்க, இந்தக் கணக்கு எதுவுமே வேண்டாம்.