தாத்தாவின் ஆல்பத்தில் 'துர்ன் உண்ட் டாக்சிஸ்': இது எந்த நாடு?

மாறன், பட்டர்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா போன மாதம் தவறிவிட்டார், பிறையில் ரயில்வேயில் இருந்தவர். அவருடைய தபால்தலை ஆல்பம் இப்போது என்னிடம். மலாயா, சிலோன், இந்தியா எல்லாம் அடையாளம் தெரிகிறது, ஒன்று மட்டும் புரியவில்லை. நீலத் தாளில் கறுப்பு அச்சு, நடுவில் வட்டத்துக்குள் பெரிதாக 3, கீழே க்ரொய்ட்சர், வலது ஓரத்தில் 'துர்ன் உண்ட் டாக்சிஸ்'. சுற்றிலும் பல் இல்லை, கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். தாத்தா பக்கத்தின் மேலே 'ஜெர்மனி' என்று எழுதி, அடித்துவிட்டு, பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். தேடிப் பார்த்தால் நாடு இல்லை, ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயர் என்று வருகிறது. ஒரு குடும்பம் எப்படித் தபால்தலை போடும்? வாடகைக்கார் டாக்சிக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா? அந்தக் கேள்விக்குறி இருந்த இடத்தில் சரியானதை எழுதி வைக்க ஆசை.

பழைய தபால்காரர், ஜார்ஜ்டவுன்

தம்பி, தாத்தா அடித்தது சரிதான். உங்களிடம் இருப்பது 1852இல் தொடங்கிய வரிசை, அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது, சின்னதும் பெரியதுமாகப் பல அரசுகள். அவற்றில் பலவற்றுக்குத் தபாலை இந்தக் குடும்பம்தான் நடத்தியது, தலைமையகம் ஃபிராங்க்ஃபர்ட். வடக்கே சில்பர்குரோஷன், தெற்கே க்ரொய்ட்சர் என்று இரண்டு நாணயம் புழங்கியதால் தபால்தலையும் இரண்டு வகை. உங்களுடையது தெற்கு.

ஆரம்பம் இத்தாலியில், பெர்காமோ பக்கம் ஒரு மலையூர். குடும்பப் பெயர் தாசோ, பின்னால் ஜெர்மனில் அதுவே டாக்சிஸ் ஆயிற்று. இத்தாலிய மொழியில் தாசோ என்றால் பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கு, இன்றும் அவர்கள் சின்னத்தில் அது இருக்கிறது. 1490இல் மன்னர் மாக்சிமிலியனுக்காக ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இன்றைய பெல்ஜியத்தின் மெக்கலென் வரை குதிரை மாற்றி மாற்றி ஓடும் தபால் வழியை அமைத்தார்கள். 1505 ஒப்பந்தத்தில் ஃபிரான்ஸ் வான் டாக்சிஸ் ஒத்துக்கொண்ட கெடு என்ன தெரியுமா? பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள். கடிதப் பையோடு ஒரு சீட்டும் போகும், ஒவ்வொரு சாவடியிலும் வந்த நேரத்தை அதில் எழுத வேண்டும். முப்பது வருஷம் பை சுமந்தவன் நான், அந்தச் சீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

1615இல் புனித ரோமப் பேரரசர் தபால் பதவியையே பரம்பரைச் சொத்தாக்கினார். 1650இல் 'துர்ன்' சேர்ந்தது, மிலானின் பழைய தெல்லா தோரே வம்சத்தின் வழிவந்தவர்கள் என்று உரிமை கோரி, அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். தோரே என்றால் கோபுரம், அதற்குப் பழைய ஜெர்மன் சொல்தான் துர்ன். 1695இல் இளவரசர் பட்டம். வாடகைக்காருக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை, அது கட்டணம் காட்டும் டாக்சிமீட்டரிலிருந்து வந்த சொல்.

செல்வி, செந்தூல்

அண்ணே, அந்தக் குடும்பத்து மருமகள் அலெக்சாண்ட்ரினை விட்டுவிட்டீர்களே! 1628இல் கணவர் இறந்தார், மகன் சின்னப் பையன். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது, சாலையில் படை, சாவடியில் குதிரை நிற்காது, அந்த நேரத்தில் 1646 வரை பேரரசின் தபாலை நடத்தியவர் அந்த அம்மா. மன்னர்கள் பேரையெல்லாம் எழுதுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது ஆறவே ஆறாது.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். இந்தக் குடும்பம் வெறும் சுறுசுறுப்பால் வளரவில்லை. பேரரசர்களின் வம்சமான ஹாப்ஸ்பர்க் அரசுக்காகக் கடிதங்களை ரகசியமாகப் பிரித்துப் படித்து, மறுபடி முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தபாலை நம்பிக் கொடுத்தவனுக்குச் செய்த துரோகம் அது.

பழைய தபால்காரர், ஜார்ஜ்டவுன்

செல்வி சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1866 போரில் வடக்கு ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் படை ஃபிராங்க்ஃபர்ட்டைப் பிடித்தது, தபால் தலைமையகமும் போயிற்று. 30 லட்சம் தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) ஈடு கொடுத்து, 1867 ஜூலை 1இல் பிரஷ்யா தபாலை எடுத்துக்கொண்டது. தம்பி, அதே 1867இல்தான் நம் பினாங்கு இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து நேரடிக் காலனி ஆகி, இந்தியத் தபால்தலை மேல் கிரீடமும் சென்ட் விலையும் அச்சடித்து வந்தது. அதற்கு முன் இங்கே ஒட்டிய இந்தியத் தபால்தலையில் பி 147 என்று முத்திரை இருந்தால் அது பினாங்கு. உங்கள் நீலத்திலும் அப்படி எண் இருக்கும், நான்கு வளையத்துக்கு நடுவே. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஓர் எண். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பக்கத்திலிருந்து மட்டும் பிய்க்காதீர்கள்.

மாறன், பட்டர்வொர்த்

நன்றி அண்ணே, நன்றி அக்கா. பிய்க்க மாட்டேன், தாத்தா கஞ்சிப் பசையில் ஒட்டியது. லென்ஸில் வளையம் நான்கும் தெரிகிறது. எண்ணில் முதல் இலக்கம் 2, மிச்சம் கறுப்பின் மேல் கறுப்பாகக் கிடப்பதால் படிக்க முடியவில்லை. சனிக்கிழமை ஃபெர்ரியில் வருகிறேன் அண்ணே, உங்கள் லென்ஸில் ஒருமுறை பார்க்கலாமா? எண் தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்விக்குறி பக்கத்தில் எழுதப் போகிறேன். அழிக்க மனசு வரவில்லை.