ரயில் நிலையக் கட்டடத்துக்குள் இருக்கும் பப்: மது அருந்தாதவர்கள் போகலாமா?

பெரம்பூர்ப் பாட்டி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் நானும் என் கணவரும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று மகள் அனுப்பிய பட்டியலில் முதலாவதாக இருப்பது கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. அந்த நகரத்து ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே நடக்கும் ஒரு பப். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சிற்றுண்டி அறையைச் சுவர் ஓடுகள் கெடாமல் மீட்டெடுத்திருக்கிறார்கள், அப்பா அவசியம் பார்க்க வேண்டும் என்கிறாள். ரயில் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் கணவர். ரயில் சம்பந்தப்பட்டது என்றால் சுடுகாடாக இருந்தாலும் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

தயக்கமெல்லாம் எனக்குத்தான். நாங்கள் இருவரும் சைவம், மதுவைத் தொட்டதில்லை. ‘பார்’ என்றால் எனக்குத் தெரிந்தது, எங்கள் தெருக்கோடியில் டாஸ்மாக் கடையை ஒட்டி இருந்த தகரக் கொட்டகை மட்டுமே. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சாலையைக் கடந்து எதிர்ப்புறமாக நடப்பேன். புடவை கட்டிய 63 வயதுப் பெண் ஒருத்தி, 7 வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிப்பட்ட இடத்தில் நுழைவது முறையாக இருக்குமா? எதுவும் குடிக்காமல் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? ரயில் நிலையத்தில் மதுக்கடையை எதற்காக வைத்தார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நங்கநல்லூரான் எழுதியது:

வணக்கம் அம்மா. ஷெஃபீல்டில் 6 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். தயங்காமல் போய் வாருங்கள். உங்கள் மகள் சொல்வது ‘ஷெஃபீல்டு டேப்’ என்ற இடமாகத்தான் இருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிட்லண்டு ரயில்வேயின் கட்டடக் கலைஞரான சார்லஸ் ட்ரப்ஷா அந்த நிலையத்தை விரிவுபடுத்தியபோது கட்டப்பட்ட சிற்றுண்டி அறை அது. பிறகு பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து பாழடைந்துபோன அந்த அறையை, ஓடு ஓடாகச் செப்பனிட்டு 2009ஆம் ஆண்டின் இறுதியில் பப்பாகத் திறந்தார்கள். அதை ஒட்டியிருந்த பழைய சாப்பாட்டுக் கூடமும் பின்னர் சேர்க்கப்பட்டது. அங்கே பீர் காய்ச்சும் பெரிய கலன்களை வைத்திருக்கிறார்கள்; உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றைப் பார்க்கலாம். உங்கள் கணவரை அங்கிருந்து கிளப்பத்தான் சிரமப்படுவீர்கள்.

நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கொட்டகைக்கும் இதற்கும் பெயரளவில்கூடச் சம்பந்தம் இல்லை. பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். ஊர்ப் பொதுவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார், பக்கத்து மேசையில் ஒருவர் நாயைக் காலடியில் படுக்கவைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டமே தவிர, பெரியவர்களோடு வரும் குழந்தை உள்ளே வரக் கூடாது என்பதல்ல. ஆனால் மாலையில் குழந்தைகளை இத்தனை மணிக்கு மேல் அனுமதிப்பதில்லை என்று கடைக்குக் கடை தனி விதி உண்டு. ஆகவே பேத்தியோடு பகலில் போவதே நல்லது.

உள்ளே போனதும் மேசைக்கு ஆள் வந்து கேட்பார் என்று காத்திருந்தால், காத்துக்கொண்டேதான் இருப்பீர்கள். ஒருவர் கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, கோப்பைகளைத் தாமே எடுத்துக்கொண்டு வர வேண்டும். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஒருவரும் தடுக்கப்போவதில்லை. உட்காருவதென்றால் ஏதாவது ஒன்று வாங்குவதுதான் மரியாதை. அந்த ஒன்று மதுவாக இருக்க வேண்டியதில்லை. அங்கே ‘லெமனேட்’ என்று கேட்டால் நம் வீட்டு எலுமிச்சைச் சாறு வராது, நிறமில்லாத சோடா வரும். ஜிஞ்சர் பீர் பெயரில்தான் பீர். பெரும்பாலும் அது காரமான இஞ்சிச் சோடாவே, ஆனாலும் ஆல்கஹால் கலந்த வகையும் விற்பதால் ‘இதில் ஆல்கஹால் உண்டா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஷாண்டி என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், அது பீரில் லெமனேட் கலந்தது.

சைவம் என்பதால் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கவுண்டரில் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கும் ‘ஸ்க்ராட்சிங்ஸ்’ நம் வடகம் போலவே இருக்கும்; அது பன்றித் தோலை வறுத்தது. நான் முதல் வாரமே ஏமாந்தேன். அந்த வட்டாரத்து மீன்–சிப்ஸ் கடைகள் பலவற்றில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள் என்பதால் எங்கே சிப்ஸ் வாங்கினாலும் எண்ணெய் எது என்று விசாரியுங்கள். பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து வார்க்கும் ஏல் என்ற பீர் வகைகளில் பலவற்றைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது வழக்கம். இது உங்களுக்குத் தேவைப்படாத தகவல். கூட வரும் மாப்பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

சனிக்கிழமையும் கால்பந்துப் போட்டி நாள்களும் வேண்டாம்.

ரயிலடி ராயபுரம் எழுதியது:

பெரம்பூர் அம்மாவின் கடைசிக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். ரயில் நிலையத்தில் மதுக்கடையைக் கொண்டுவந்து வைக்கவில்லை. பயணிகளுக்கான சாப்பாட்டு இடம் முதலிலிருந்தே அங்கே இருந்தது. ரயில்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் பெட்டிக்குள் சாப்பாடும் கிடையாது, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியும் கிடையாது. எனவே வழியில் ஏதாவதொரு நிலையத்தில் வண்டியை நிறுத்தி, பயணிகள் இறங்கி அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும். ஸ்விண்டன் நிலையத்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் வண்டிகள் எல்லாம் 10 நிமிடம் கட்டாயமாக நின்றுதான் புறப்பட வேண்டும் என்று சிற்றுண்டி அறையைக் கட்டியவர்களோடு ஒப்பந்தமே இருந்தது. அந்தக் கட்டாயத்திலிருந்து விடுபட நிறுவனம் 1895 வரை காத்திருந்து, பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1879இல் ஓடும் வண்டியிலேயே சமைத்துப் பரிமாறும் உணவுப் பெட்டி இங்கிலாந்தில் வந்தது. அதன் பிறகும் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பளபளப்பான சிற்றுண்டி அறைகளைக் கட்டியதற்குக் காரணம் பசியைவிடக் கௌரவம்தான் என்பது என் கணிப்பு.

அந்த அறைகள்தான் பின்னர் கிடங்காகவும் பூட்டிய கதவாகவும் மாறி, இப்போது திரும்ப வந்திருக்கின்றன. யார்க் நிலையத்தில் 1907இல் கட்டிய தேநீர் அறை, நடுவில் சில காலம் மாதிரி ரயில்களின் காட்சிக்கூடமாக இருந்துவிட்டு, 2011இல் ‘யார்க் டேப்’ ஆயிற்று. அதன் கூரையில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடங்கள் இருக்கின்றன, அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். அதே ஊரில் நிலையத்தை ஒட்டியே தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இருக்கிறது, அனுமதி இலவசம். ஷெஃபீல்டிலிருந்து நேரடி ரயில் இருப்பதால் ஐயாவை அங்கே அழைத்துப் போகாமல் திரும்பினால் அது பாவம். நியூகாசிலில் 1893ஆம் ஆண்டின் முதல் வகுப்பு ஓய்வுக்கூடம், சில காலம் ரயில்வே போலீஸ் கைதிகளை அடைக்கும் இடமாகக்கூட இருந்துவிட்டு, தரையிலிருந்து கூரைவரை ஓடு பதித்த பப்பாக மீண்டிருக்கிறது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாலிபிரிட்ஜ் நிலையத்தின் நடைமேடையில் இருக்கும் சிறிய மதுக்கூடம் 1885 முதல் இருப்பது. லண்டனில் யூஸ்டன் நிலையத்து முன்வாசலின் பிரம்மாண்டமான கல் வளைவை 1961–62இல் இடித்துத் தள்ளினார்கள். அதற்கு முன்னால் சாலையோரம் இருந்த இரண்டு காவல் மாடங்கள் தப்பின, அந்நாளில் அந்த நிலையத்திலிருந்து ரயிலில் போகக்கூடிய ஊர்களின் பெயர்கள் மாடங்களின் மூலைக்கற்களில் இன்னமும் செதுக்கிய மாதிரியே இருக்கின்றன, உள்ளே பீர் விற்கிறார்கள். வேல்ஸில் அபெரிஸ்ட்வித் நிலையத்தின் 1924ஆம் ஆண்டுக் கட்டடம் பெரும் பகுதி பப்பாகிவிட்டது. அதன் பெயருக்கு வேல்ஷ் மொழியில் ‘பழைய நிலையம்’ என்றே பொருள், ரயிலோ பக்கத்து நடைமேடையிலிருந்து இன்றும் புறப்படுகிறது.

பிரிட்டிஷ் ரயில்வேயைச் சுருக்குவதற்காக 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. ஆளில்லாத கட்டடத்துக்கு வேறு வேலை கண்டுபிடிக்கும் பழக்கம் அந்நாட்டாருக்கு அப்போதுதான் கைவந்தது என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் ராயபுரம் நிலையம் நினைவுக்கு வராமல் இல்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டை நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்துதான். உயரமான தூண்கள் தாங்கும் அந்த முகப்பைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வருகிறார்கள். நிழலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தபடி பார்க்கத்தான் இடமில்லை. பப் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மயிலைவாசி எழுதியது:

ரயிலடி நண்பரின் கட்டுரை சுவையாக இருக்கிறது; ஆயினும் இங்கே யாரும் ராயபுரம் பப் கனவோடு தூங்கப் போக வேண்டாம் என்பதற்காகச் சில வரிகள். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. அதற்கு வெளியே கோப்பையில் ஊற்றித் தரும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் மனமகிழ் மன்றங்களுக்கும் உரியது. சென்னையில் பப் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவை பொதுவாக ஓட்டல்களுக்கு உள்ளேயே இருப்பதன் காரணமும் அதுவே. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 145ஆம் பிரிவின்படி ரயிலிலோ ரயில்வே வளாகத்திலோ குடிபோதையில் இருப்பதே குற்றம். 6 மாதம்வரை சிறையும் 500 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். பயணிகள் வந்து போகும் இடத்தில் குடிக்க வைப்பது எந்த ஊரிலும் எனக்கு உடன்பாடானதல்ல என்பதையும் பதிவு செய்கிறேன்.

நங்கநல்லூரான் எழுதியது:

மயிலை ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் கடைசி வரியில் எனக்கு மாறுபாடு உண்டு. பப் ரயில் நிலையத்திலேயே இருப்பதால், குடித்தவர் காரை எடுக்காமல் ரயிலேறி வீட்டுக்குப் போகிறார். நம் புறவழிச் சாலைகளின் ஓரத்தில் நிற்கும் மதுக்கடைகளின் வாசலில் எத்தனை இருசக்கர வண்டிகள் நிற்கின்றன என்று பாருங்கள். எது ஆபத்து என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரம்பூர்ப் பாட்டி எழுதியது (இரண்டு மாதங்களுக்குப் பிறகு):

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஷெஃபீல்டு நிலையத்துக்குப் போனோம். தெருப்பக்கமும் ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் நடைமேடை வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். நான் பயந்த வாடையும் இல்லை, கூச்சலும் இல்லை. எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் இருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் புடவையைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் பட்டா என்று கேட்டார், இல்லை சுங்குடி என்று சொல்லி அது எங்கே நெய்வது என்பதை விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

சுவர் ஓடுகளை நான் தொட்டுப் பார்த்தேன். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் கை வைத்த மாதிரி குளிர்ந்திருந்தது. பேத்தி இஞ்சிச் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டுக் காரம் என்று என்னிடம் தள்ளிவிட்டாள். மீதியை நானே குடித்தேன், சுக்குக் கஷாயத்தில் சர்க்கரை போட்ட மாதிரி நன்றாகவே இருந்தது. மாப்பிள்ளை மீன் சமாசாரத்தைக் கேட்டதும் காப்பிக்கு மாறிவிட்டார். மயிலைவாசி ஐயாவின் கருத்தில் எனக்கும் பாதிக்கு மேல் உடன்பாடுதான், ஆனாலும் அன்று அந்த அறையில் யாரும் யாருக்கும் தொந்தரவாக இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் கணவர் சுவரையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. பக்கத்துக் கூடத்தில் இருந்த பீர் காய்ச்சும் கலன்களைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இணைப்புகளை ஆராய்ந்தார். கவுண்டரில் இருந்த பையன் என்ன வேண்டும் என்று கேட்டபோது மகள்தான் பேச வேண்டியிருந்தது. இந்த வெல்டிங் நன்றாக இருக்கிறதாம், ஆனால் கீழே இடதுபுறம் இருக்கும் ஓர் இணைப்பை மட்டும் தம்மிடம் விட்டிருந்தால் இன்னும் சுத்தமாக முடித்திருப்பாராம் என்று அவள் சொன்னதும், அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டு வந்து, எந்த இணைப்பு என்று குனிந்து பார்த்தான்.