'தியோபோரிக்' பெயர்: எஸ்பாலை முன்வைத்து ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தெய்வத்தின் பெயரை உறுப்பாகக் கொண்ட ஆட்பெயர்களைக் குறிக்கும் 'தியோபோரிக்' என்ற சொல்லுக்கு 'இறைப்பெயர்' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முருகன், கண்ணன் என நாம் பிள்ளைகளுக்குச் சூட்டுபவையே இறைப்பெயர்கள். அங்கே தெய்வத்தின் பெயர் முழுமையாக ஆளின் பெயராகிறது. எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் 'ஏல்', 'யா' ஆகியவை பெரும்பாலும் ஒரு சிறு வாக்கியத்தின் உறுப்பாக நிற்கின்றன. எலெயாசார் என்றால் 'ஏல் உதவினார்' என்று பொருள். அதன் கிரேக்கவழி வடிவமே லாசரு. 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசரு என்ற அப்பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று.

'தெய்வந்தாங்கிப் பெயர்' என்ற இன்னொரு பரிந்துரை, 'தெய்வத்தைத் தாங்கும்' எனப் பொருள்படும் கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் தாங்கப்படுவது வெளியே தெரியும். இப்பெயர்களில் தெய்வம் பல வேளைகளில் உள்ளே மறைந்திருக்கிறது. எஸ்பால் என்ற அரிய பெயர் இதற்கு நல்ல சான்று. இஸ்ரயேலின் அரசன் சவுலின் மகனை வேதாகமத்தின் நாளாகமம் முதல் நூல் (8:33) இவ்வாறு அழைக்க, சாமுவேல் இரண்டாம் நூலோ அவனை இஸ்போசேத் என்கிறது. எஸ்பாலுக்குப் 'பாகாலின் ஆள்' என்றும் 'பாகால் இருக்கிறார்' என்றும் பொருள் கூறுவர். 'உடையவன், தலைவன்' என்னும் பொதுப்பொருளும் கொண்ட பாகால் என்ற சொல், கானானியத் தெய்வத்தோடு மட்டும் இணைத்து வெறுக்கப்பட்ட காலத்தில், ஏடெழுதியோர் அதை நீக்கி 'வெட்கம்' எனப் பொருள்படும் 'போசேத்' என்பதை இட்டனர் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். தமிழ் வேதாகமத்திலோ இன்னொரு மறைவும் நேர்ந்துள்ளது: எபிரேயத்தின் 'அயின்' என்னும் தொண்டையொலியைப் 'பாகால்' என்பதில் ககரம் காட்டுகிறது, 'எஸ்பால்' என்பதில் அந்தக் ககரம் இல்லாததால், உள்ளிருக்கும் தெய்வம் தமிழ் வாசகர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இப்பெயர் வெறும் ஏட்டுப் பெயரும் அன்று. இஸ்ரேலின் ஏலா பள்ளத்தாக்கில் உள்ள கிர்பெத் கெயாபா என்ற அகழாய்விடத்தில் 2012இல் கிடைத்த ஓடுகளை ஒட்டிச் சாடியாக்கியபோது, சுடுவதற்கு முன்பே கீறப்பட்ட எழுத்துகளில் இதே பெயர் தெரிந்தது. அச்சாடி ஏறத்தாழ கி.மு. 1000ஐச் சேர்ந்தது. அதில் குறிக்கப்பட்ட எஸ்பால் சவுலின் மகன் அல்லன், வேறொருவனின் மகன். ஆயினும் அப்பெயர் அக்காலத்தில் வெட்கமின்றி வழங்கியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

எனவே தெய்வத்தை உள்ளே பொதிந்த பெயர் என்ற பொருளில் 'தெய்வம்பொதி பெயர்' என்பதை முன்மொழிகிறேன். 'பொதி' சுமையையும் குறிக்குமே என்று தயங்க வேண்டாம்; இங்கே அது 'உள்ளடக்கு' என்னும் வினை. 'பொதி பெயர்' வினைத்தொகையாதலால் பொதிந்த, பொதிகின்ற, பொதியும் என மூன்று காலத்துக்கும் இடம் தருகிறது. 'இறை' என்பதைத் தவிர்த்தது, அது அரசனையும் வரியையும் குறிப்பதாலும், பாகால் போன்ற பல தெய்வங்களுக்குத் 'தெய்வம்' என்ற சொல்லே பொருந்துவதாலும்தான். பெயருக்குள் உள்ள பகுதியைத் 'தெய்வக்கூறு' எனலாம்: எஸ்பாலின் தெய்வக்கூறு பாகால், எலெயாசாரின் தெய்வக்கூறு ஏல். 'தெய்வப்பொதிப் பெயர்' எனப் புணர்ப்பதே இலக்கணப்படி சரி என்று கருதுவோர் காரணத்துடன் எழுத வேண்டுகிறேன்.