குரங்குக்குப் பழம் கொடுக்கலாமா? காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

தேவகோட்டைக்காரன்:
போன வாரம் அம்மா முற்றத்தில் கூழ்வற்றல் காயப் போட்டிருந்தார். ஓட்டின் மேலிருந்து ஏழெட்டுக் குரங்குகள் இறங்கிப் பாதியைத் தின்று பாதியை மிதித்து, விரட்டப் போனவரைப் பார்த்துச் சீறியதில் அவர் வழுக்கி விழுந்து கை வீங்கிவிட்டது. ஓடும் உடைந்தது, நாட்டு ஓடு இப்போது கிடைப்பதே பாடு. எல்லாவற்றையும் பிடித்துப் பிரான்மலைப் பக்கம் விட வேண்டும்.

குன்றக்குடி ஆச்சி:
அம்மாவுக்குக் கை இப்போது எப்படி இருக்கிறது தம்பி? ஆனாலும் அது வாயில்லாச் சீவன். எங்கள் ஐயா காலத்திலிருந்து கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சீப்புப் பழம் கொடுக்கிறோம். இந்த வெயிலில் அவை எங்கே போய்த் தின்னும்?

ஊரணிக்கரை:
ஆச்சி, மனசு புரிகிறது. ஆனால் அந்தச் சீப்புதான் தம்பி வீட்டு முற்றத்துக்கு வழிகாட்டுகிறது. இது நாட்டுக் குரங்கு, தென்னிந்தியாவை விட்டால் வேறெங்கும் கிடையாது. ஆலம்பழம், அத்தி, கொழுந்து, பூ, வெட்டுக்கிளி என்று நாள் முழுக்க அலைந்து பொறுக்கித் தின்கிற பிராணி. பழமும் பிஸ்கட்டும் கொடுத்தால் நாலு நிமிடத்தில் கன்னப்பை நிறைய அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஏன் மரம் மரமாக அலைய வேண்டும்? பை என்றால் தீனி என்று பழகிவிடும், குட்டிகளும் அதையே கற்றுக்கொள்ளும். ரோட்டை அகலப்படுத்த ஆலமரங்களை வெட்டியதும் நாம்தான்.

தம்பி, 1972 வன உயிரினச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் கூண்டு வைக்கவே கூடாது. பிடித்துக் கொண்டுபோய் விட்டாலும் அங்கே இருக்கிற கூட்டம் சும்மா விடாது, பழகின குரங்கு அடுத்த ஊருக்குள் நுழையும்.

தேவகோட்டைக்காரன்:
சட்டம் சரி அண்ணே. அம்மா வற்றல் போடவே கூடாதா?

ஊரணிக்கரை:
போடட்டும். முற்றத்துக்கு மேலே கம்பி வலை அடித்துவிடுங்கள், பழைய வீடுகள் பலவற்றில் இருக்கிறதே. விரட்டும்போது கண்ணுக்கு நேரே முறைத்துப் பார்க்கக் கூடாது, சண்டைக்கு வருகிறோம் என்று எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

குன்றக்குடி ஆச்சி:
கையில் கொடுப்பதை நிறுத்திப் பார்க்கிறேன். மனசு கேட்குமா என்று தெரியவில்லை. மழைக்கு முன்னால் ஊரணிக் கரையில் ஆலம்போத்து நடுவதாக இருந்தால் சொல்லுங்கள், செலவு என்னுடையது.

தேவகோட்டைக்காரன்:
வலைக்கு அளவெடுக்க நாளை ஆள் வருகிறார். ஆனால் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, பங்காளிகள் எல்லாரும் வெளியூர். குரங்குகள் ராத்திரி தங்குவது அங்கேதான். அவர்களிடம் யார் பேசுவது?