எட்டாம் வகுப்பிலேயே தொழில் வழிகாட்டல் பாடம் வேண்டுமா?

கரும்பலகை

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்த ஆண்டிலிருந்து ஏழு, எட்டு, ஒன்பது வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட் தொழில் வழிகாட்டலுக்கு ஒதுக்கலாமா என்று எங்கள் பள்ளியில் பேச்சு நடக்கிறது. திட்டத்தை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் முழு ஆதரவு. காரணம் இதுதான்.

போன மாதம் ஒரு தாளைக் கொடுத்து, "உங்களுக்குத் தெரிந்த வேலைகளையெல்லாம் எழுதுங்கள், பத்து நிமிடம்" என்றேன். முப்பத்தாறு பேர். முதல் மூன்று நிமிடம் வேகமாக எழுதினார்கள். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ், வக்கீல், விளையாட்டு வீரர். அப்புறம் கை நின்றுவிட்டது. பாதிப் பேர் பன்னிரண்டைத் தாண்டவில்லை. "இந்த அறையைச் சுற்றிப் பாருங்கள், இங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் யாரோ செய்திருக்கிறார்கள்" என்றேன். ஜன்னலோரம் இருந்த பெண் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதைத் தேய்த்துப் பொருத்துபவருக்கு என்ன பேர்?" என்றாள். எனக்கே பதில் தெரியவில்லை.

பதின்மூன்று வயதில் உலகத்தின் வேலைகள் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன? எதிர்ப்பு இருந்தாலும் சொல்லுங்கள். திட்டம் எழுதி முடிப்பதற்குள் கேட்டுக்கொள்வது நல்லது.

நிலா_அம்மா

சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் இதற்கு எதிர்ப்பு.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று மாதமாகச் சிலந்திப் பைத்தியம். மாடிப்படிக்கு அடியில் எத்தனை வலை, எது எந்த நேரத்தில் பின்னுகிறது, எது பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது, எல்லாம் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதிவைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான், "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்மா?" என்று கேட்டார். அன்றைக்கு மூடிய நோட்டை அவள் இன்னும் திறக்கவில்லை.

உங்கள் பீரியட் வந்தால் அந்தக் கேள்வி வாரா வாரம் வரும். வீட்டில் கேட்கிறார்கள், விசேஷத்தில் கேட்கிறார்கள், அடுத்து வகுப்பிலும் கேட்பார்கள். அந்தக் கேள்வி இல்லாத ஓர் இடமாவது பிள்ளைகளுக்கு இருக்க வேண்டாமா?

ஏழாம்_வாய்ப்பாடு

நிலா_அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். அவர் தாயின் பக்கத்திலிருந்து சொன்னார், நான் பாடத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தொழில் வழிகாட்டல் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 1908-ல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் ஓர் அலுவலகம் திறந்தார். படிப்பை விட்டுவிட்டு வேலை தேடி அலைந்த இளைஞர்களுக்கானது அது. உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அவர் முறை. வேலைக்குப் போகும் வாசலில் நிற்பவனுக்கு அது சரி. அதையே பன்னிரண்டு வயதுக்கு இறக்கினால், ஆளையும் வேலையையும் பொருத்தும் வேலையைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் எது படிக்கத் தகுந்தது என்பதைச் சந்தை சொல்லும், நாம் கேட்போம்.

அமெரிக்கா இதை ஒருமுறை பெரிய அளவில் முயன்று பார்த்தது. 1971-ல் கல்வி ஆணையர் சிட்னி மார்லண்ட் "கேரியர் எஜுகேஷன்" என்று முழங்கினார், 1977-ல் சட்டமே வந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமானால் அதைக் கணக்குக்கோ மொழிக்கோ கொடுங்கள். நன்றாகப் படிக்கவும் எண்ணவும் தெரிந்த பிள்ளை எந்த வேலையையும் பிறகு கற்றுக்கொள்ளும்.

திசைகாட்டி

பதினேழு ஆண்டாகப் பள்ளிகளில் தொழில் வழிகாட்டியாக இருக்கிறேன். என்னிடம் பிள்ளைகள் வருவது பெரும்பாலும் கடைசி ஆண்டில். "எனக்கு எது பொருந்தும்" என்று அவர்கள் கேட்பதில்லை. "இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்" என்றுதான் கேட்கிறார்கள். கணக்கை விடுவதா வைத்துக்கொள்வதா, எந்தப் பிரிவு என்பதெல்லாம் அதற்கு இரண்டு வருடம் முன்பே முடிந்துபோயிருக்கும். விட்ட பாடம் எந்தெந்தப் படிப்புக்குத் தேவை என்று என் அறையில் உட்கார்ந்துதான் பலருக்குத் தெரியவரும். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன்.

நிலா_அம்மா, உங்கள் மகளிடம் கேட்ட கேள்வி தவறான கேள்வி. ஆனால் பள்ளி பேசாமல் இருப்பதால் அந்தக் கேள்வி போய்விடாது. 1981-ல் லிண்டா காட்ஃபிரட்சன் என்ற உளவியலாளர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுமுன்பே கழித்துக்கட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். ஆறு முதல் எட்டு வயதுக்குள் இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று ஒரு கழித்தல். ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் இது கௌரவக் குறைச்சல், இது நமக்கு எட்டாது என்று இன்னொரு கழித்தல். எனக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வி பதினான்கு வாக்கில்தான் வருகிறது. அதற்குள் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

கரும்பலகை சாரின் பன்னிரண்டு வேலைப் பட்டியல் அவர் வகுப்பில் மட்டும் நடப்பது இல்லை. பல நாடுகளில் நடக்கும் பீசா (PISA) என்ற மாணவர் மதிப்பீட்டுத் தேர்வில், 2018-ல், பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். அதை நடத்தும் ஓஇசிடி (OECD) என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2020-ல் அதை அறிக்கையாக வெளியிட்டது. 41 நாடுகளில், பெண்களில் 53 சதவீதமும் ஆண்களில் 47 சதவீதமும் சொன்னது வெறும் பத்து வேலைகளைத்தான்.

ஏழாம்_வாய்ப்பாடு

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, திசைகாட்டி. பத்து வேலைகளிலேயே எல்லோரும் குவியும் அந்தக் குவிப்பு, 2000-ல் கேட்டபோது இருந்ததைவிட 2018-ல் கூடியிருக்கிறது. இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் உலகம் முழுக்க வழிகாட்டல் குறைந்துபோய்விட்டதா? இல்லையே. மருந்து கூடக் கூட நோயும் கூடினால் மருந்தைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

பழைய_சீருடை

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஓர் ஆப்டிட்யூட் டெஸ்ட், அதாவது யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கும் தேர்வு, வைத்தார்கள். நாற்பது நிமிடம். வட்டங்களை நிரப்பும் தாள். எது பிடிக்கும்: புத்தகம் படிப்பதா, மிதிவண்டி பழுதுபார்ப்பதா? அந்த வாரம்தான் என் மிதிவண்டிச் சங்கிலியை நானே மாட்டியிருந்தேன். சந்தோஷத்தில் மிதிவண்டி என்று நிரப்பினேன். அந்த மாதிரி பத்துப் பதினைந்து கேள்வி. முடிவு வந்தபோது "செய்முறை வகை" என்று எழுதியிருந்தார்கள். வகுப்பாசிரியர் அதைப் பெயர்ப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் குறித்துவைத்தார். அதற்குப் பிறகு வகுப்பில் கட்டுரையை வாசிக்கச் சொல்லி என்னை எழுப்பவே இல்லை. மேசை தூக்க ஆள் வேண்டுமென்றால் என் பேர் வரும்.

இன்றைக்கு நான் மொழிபெயர்ப்பாளர். என்னை மீட்டது பள்ளி இல்லை, ஒரு நூலகம்.

கரும்பலகை சார், உங்கள் திட்டத்தில் டெஸ்ட் இருக்கிறதா? இருந்தால் நானும் எதிர்ப்பு.

ஏழாம்_வாய்ப்பாடு

பழைய_சீருடை எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. இது ஓர் ஆசிரியரின் தவறு என்று ஒதுக்க முடியாது, கருவியிலேயே இருக்கும் கோளாறு. யாருக்கு எந்த வேலையில் விருப்பம் என்று அளக்க எட்வர்ட் ஸ்ட்ராங் என்ற உளவியலாளர் 1927-ல் வெளியிட்ட தேர்வு ஆண்களுக்கு மட்டுமானது. பெண்களுக்கு 1933-ல் தனிப் படிவம் வந்தது. இரண்டும் ஒன்றானது 1974-ல்தான். நாற்பது ஆண்டுகள் ஒரே விருப்பம் உள்ள அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு வேறு தாள். அந்தக் காலத்தில் அதையும் அறிவியல் என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்று. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, பத்து வயதில், பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறோமோ, அவ்வளவுக்குப் பெற்றோரின் படிப்புதான் பிள்ளையின் பாதையை முடிவு செய்யும். ஏழை வீட்டுப் பிள்ளை "செய்முறை வகை" ஆவதும், வசதியான வீட்டுப் பிள்ளை "ஆராய்ச்சி வகை" ஆவதும் தற்செயலாக நடப்பது இல்லை.

மின்கம்பி

நான் வயரிங் வேலை செய்கிறவன். "செய்முறை வகை" என்பதை நீங்கள் எல்லோரும் தண்டனை மாதிரிப் பேசுகிறீர்கள், அது கொஞ்சம் வலிக்கிறது. ஒரு பழைய கட்டடத்தில் எங்கே மின்கசிவு என்று கண்டுபிடிக்க எவ்வளவு யோசிக்க வேண்டும் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் யாராவது ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அதைச் சொல்லச் சொல்லியிருந்தால், பிள்ளைகளுக்கு இந்த வேலைமேல் இருக்கும் இளக்காரம் போயிருக்கும். எனக்காகவும்தான் சொல்கிறேன்.

பழைய_சீருடை

மின்கம்பி அண்ணா, மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னது சரி. மிதிவண்டி வேலை தாழ்ந்தது என்று நான் நினைக்கவில்லை. மற்றதெல்லாம் எனக்கு இல்லை என்று முடிவுகட்டியதுதான் வலி. எழுதும்போது அதைச் சரியாகப் பிரித்துச் சொல்லத் தவறிவிட்டேன்.

திசைகாட்டி

மூன்று பேரும் சொன்னதை ஏற்றுக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன். ஏழாம்_வாய்ப்பாடு, குவிப்பு கூடியது உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் எந்த மாதிரி வழிகாட்டல் கூடியது? நான் பார்த்தவரை துண்டறிக்கை, டெஸ்ட், ஒருநாள் கண்காட்சி. மனிதரை மனிதர் சந்திப்பது மிகக் குறைவு.

பின்லாந்தில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புக்குள் மாணவர் வழிகாட்டல் என்பதே ஒரு பாடம், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 76 பாடவேளை. அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டு. பிள்ளைகள் சில நாள் வேலையிடங்களுக்கும் போய் வருகிறார்கள். அங்கே பதினாறு வயதுவரை எல்லோருக்கும் ஒரே பள்ளி என்பதைக் கவனியுங்கள். பிரிக்காமலே காட்ட முடியும். ஜப்பானில் கோபே நகரம் இருக்கும் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நாள் பள்ளிக்கு வெளியே, வேலை நடக்கும் இடங்களில் இருக்கிறார்கள். தென்கொரியா 2013-ல் சில பள்ளிகளில் ஆரம்பித்து, 2016-ல் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் எழுத்துத் தேர்வே இல்லாத ஒரு செமஸ்டரைக் கொண்டுவந்தது. தேர்வு அழுத்தம் அவ்வளவு உள்ள நாட்டிலேயே ஒரு பருவம் தேர்வை நிறுத்திவைக்க முடிந்திருக்கிறது.

நல்ல தொழில் வழிகாட்டல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கேட்ஸ்பி அளவுகோல்கள் இங்கிலாந்தில் 2014-ல் வெளிவந்தன, மொத்தம் எட்டு. வேலை செய்பவர்களைச் சந்திப்பதும் வேலையிடத்தை நேரில் அனுபவிப்பதும் அதில் இரண்டு. 2022 முதல் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கும், அதாவது பதினோரு வயதிலிருந்தே, வழிகாட்டல் தருவது அரசுப் பள்ளிகளின் சட்டக் கடமை. ஏழாம்_வாய்ப்பாடு, இன்னோர் அளவுகோல் உங்களுக்குப் பிடிக்கும்: ஒவ்வொரு பாட ஆசிரியரும் தன் பாடத்தை வேலை உலகத்தோடு இணைத்துக் காட்ட வேண்டும் என்பது. அப்படிச் செய்தால் கணக்கிலிருந்து நேரம் திருட வேண்டியதில்லை.

ஏழாம்_வாய்ப்பாடு

அந்தக் கடைசி அளவுகோலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பகா எண்ணைச் சொல்லித்தரும்போது, "இது வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கப் பயன்படுகிறது" என்று நான் உடனே சொல்லியாக வேண்டுமா? பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று நிறுவும்போது ஒரு பிள்ளையின் கண் விரியும். அந்த நொடியில் பயன் என்று ஒரு வார்த்தை சொன்னால் சிலந்தி நோட்டு மூடிய கதைதான்.

கரும்பலகை

இரண்டு நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் காட்டிக் கேட்ட அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் தேடிப் போனேன். கண்ணாடி லென்ஸ் பொருத்தும் ஒருவர் நேற்று வகுப்புக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கூச்ச சுபாவம், மேடையில் நிற்க மாட்டேன் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

லென்ஸ்மீட்டர் என்ற கருவியைக் கொண்டுவந்திருந்தார். லென்ஸை அதில் வைத்து, உள்ளே தெரியும் கோடுகள் கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருப்பி, மூன்று மைப்புள்ளி வைத்தார். நடுப்புள்ளி கண்ணின் பாவைக்கு நேராக வர வேண்டும், மூன்று புள்ளியும் படுக்கைக் கோடாக நிற்க வேண்டும். "சிலிண்டர் பவர் இருக்கிறவர்களுக்கு அச்சு நாலைந்து டிகிரி திரும்பிப்போனால் தலைவலி வரும், தரை சாய்ந்த மாதிரித் தெரியும்" என்றார். ஒரு பையன், "நீங்கள் அப்படித் தப்பு பண்ணியிருக்கிறீர்களா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆரம்பத்தில் ஒரு வயதான அம்மாவுக்கு வலது இடது மாற்றிப் பொருத்தியதையும், அவர் தன் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் அழுததையும் சொன்னார். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

"பெரியவனானதும் இந்த வேலைக்கு வருகிறேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இன்று காலை ஒளிவிலகல் பாடத்தில் கோணத்தை அரை டிகிரி தவறாக அளந்த ஒருவனைப் பக்கத்துப் பையன் திருத்த வைத்தான்.

பழைய_சீருடை, டெஸ்ட் என் வரைவில் இருந்தது. பள்ளிக்கு இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னதால் சேர்த்திருந்தேன். எடுத்துவிட்டேன். மதிப்பெண், தரம், வகை எதுவும் இல்லை. பிள்ளையைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் எதுவும் எழுதக் கூடாது என்று தனி வரியாகவே சேர்த்திருக்கிறேன். தனிப் பீரியடும் இல்லை. மாதத்தில் இரண்டு முறை, அந்தந்தப் பாட ஆசிரியர் விரும்பினால், அவர் வகுப்புக்கு ஒருவர் வருவார். விரும்பாத ஆசிரியரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

நிலா_அம்மா

படித்தேன். வகை எழுத மாட்டோம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். முழுதாக மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இருக்கும்வரை இப்படி நடக்கும், அடுத்து வருபவர் டெஸ்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன செய்வது?

ஒரு கேள்வி. வருகிறவர்கள் பட்டியலில் சிலந்தி, பூச்சி மாதிரி எதையாவது வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆள் யாராவது உண்டா? சம்பளத்தைப் பற்றிப் பேசாத ஆளாக இருந்தால் நல்லது.

ஏழாம்_வாய்ப்பாடு

கட்டாயம் இல்லை என்ற வரி இருக்கும்வரை நான் எதிர்த்து எழுத மாட்டேன். ஆனால் என் வகுப்புக்கு ஆள் வேண்டாம், சார். மைப்புள்ளி வைத்தவர் மட்டும் விதிவிலக்கு. கோணம் எடுக்கும் வாரத்தில் அவரால் வர முடியுமா?

கரும்பலகை

கேட்டுவிட்டுச் சொல்கிறேன். மேடையில் நிற்கச் சொல்ல மாட்டோம் என்று உறுதி கொடுத்தால் வருவார் என்று நினைக்கிறேன்.

நிலா_அம்மா, பூச்சி பார்ப்பவர் இன்னும் பட்டியலில் இல்லை, தேடுகிறேன். பதிவேட்டு வரியைப் பள்ளி நிர்வாகக் குழுவின் தீர்மானமாகவே நிறைவேற்றக் கேட்டிருக்கிறேன், அடுத்து யார் வந்தாலும் குழுவைக் கேட்காமல் மாற்ற முடியாதபடி. மின்கம்பி அண்ணா, மின்சாரப் பாடம் இரண்டாம் பருவத்தில் வருகிறது. அந்தக் கசிவு கண்டுபிடிக்கும் கதையை எட்டாம் வகுப்பில் வந்து சொல்வீர்களா?

மின்கம்பி

தேதி சொல்லுங்கள். மின்கசிவு பார்க்கும் மெகர் கருவியும் எடுத்துவருகிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.