அலுமினியக் கீபோட் கேஸில பெயின்ற் உரியுது, என்ன பூசினா நிக்கும்?

கிறவல்றோட்டு:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறன். கொம்பியூட்டர் கீபோட்டுக்குப் பூச்சு இல்லாத வெறும் அலுமினியக் கேஸ் ஒண்டை எடுத்து, வீட்டிலயே கடும்பச்சை அடிச்சன். முதல் அடிப்பூச்சாச் சிவப்பு ஒக்சைட் பிறைமர், பிறகு பச்சை ஸ்ப்ரே ரின் மூண்டு கை, மேல நிறமில்லாத ரின் கிளியர். அடுத்த நாளே பூட்டிப் பாவிக்கத் தொடங்கீட்டன். ரெண்டு மாசம் ஆகேல்லை, உள்ளங்கை முட்டுற முன் விளிம்பில வெங்காயத்தோல் மாதிரி உரியுது. ஆசையாச் செய்தது, பார்க்கவே மனசு கேக்குதில்லை. கிளியரை இன்னும் தடிப்பா அடிச்சா நிக்குமோ?

பெற்றோல்ராங்:
தம்பி, கிளியரை விடுங்கோ. உரிஞ்ச தோலைத் திருப்பிப் பாருங்கோ, அடிப்பக்கம் என்ன நிறம்? உரியாத இடத்தில பிளேட்டால சின்னச் சின்னச் சதுரமாக் கீறி, ரேப் ஒட்டி வெடுக்கெண்டு இழுத்தும் பாருங்கோ.

கிறவல்றோட்டு:
அடிப்பக்கம் சிவப்பு அண்ணை. ரேப்போட சதுரம் முழுக்க வந்திட்டுது, கீழ அலுமினியம் பளபளக்குது.

பெற்றோல்ராங்:
அப்ப பச்சையிலயும் பிழையில்லை, கிளியரிலயும் பிழையில்லை. பிறைமர் உலோகத்தைக் கவ்வேல்லை. சிவப்பு ஒக்சைட் இரும்புக்கு. அலுமினியத்துக்கு எட்ச் பிறைமர் வேணும், அதில இருக்கிற அமிலம் மேற்பரப்பைக் கொஞ்சம் அரிச்சுப் பிடிக்கும். வவுனியாவில நான் மோட்டச்சைக்கிளுக்கு அடிக்கேக்கையும் அலுமினியப் பாகத்துக்கு இதுதான்.

எல்லாத்தையும் உரிச்செடுங்கோ. 320 நம்பர் சாண்ட்பேப்பரால பளபளப்புப் போகுமட்டும் தேயுங்கோ. முக்கியமா அந்த முன் விளிம்பு: கூரா இருந்தா, ஈரப் பெயின்ற் அதில நிக்காம ரெண்டு பக்கமும் இழுபட்டு, நுனியில மெல்லிசாப் போயிடும். உங்கட கை தேய்க்கிறதும் அதே இடத்திலதான். விரலால தடவினா வெட்டாத அளவுக்கு உருட்டி விடுங்கோ. பிறகு ரின்னராலயோ ஐசோபுறொப்பைல் அல்ககோலாலயோ துடைச்சு, வெறுங்கை படாம அண்டைக்கே பிறைமர் அடியுங்கோ. மெல்லிசா ஒரு கை போதும். திருகாணி ஓட்டைகளையும், ரெண்டு பாதியும் பொருந்துற விளிம்பையும் ரேப்பால மூடாட்டி, பிறகு கேஸ் பூட்டுப்படாது.

பிறகு பச்சை, அதுக்கு மேல, இறுக வைக்கிற ஹாட்னர் கலக்கிற 2கே கிளியர். சாதாரண ரின் கிளியர் காய்ஞ்ச பிறகும் ரின்னர் பட்டாக் கரையும், இது இறுகினா அப்பிடியில்லை. ஆனா ஹாட்னரில ஐசோசயனேற் எண்ட ரசாயனம் இருக்கு, அது நெஞ்சுக்குக் கூடாது. துணி மாஸ்க் காணாது; அதுக்கெண்டு வாற கார்ட்றிஜ் மாஸ்க், கையுறை போட்டு வெளியில நிண்டு அடியுங்கோ. வீட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம்.

மாங்குளம்தச்சன்:
அடிக்கிற காலத்தையும் பாருங்கோ. சோளகத்தில கிறவல் புழுதி வந்து ஒட்டும், மாரியில ஈரக்காத்துக்குக் கிளியர் வெளிறும். காத்து விழுந்த காலமை நேரம் திறம்.
ஆரும் மரத்தில செய்யிறதெண்டால், முதிரைக்குப் பெயின்ற் அடிச்சு அந்தப் பொன்நிறத்தை மூடாதேங்கோ. பொலியூரித்தேன் வார்னிஷ், கைக்குக் கை நடுவில மெல்லிய சாண்ட்பேப்பரால தேயுங்கோ. உள்பக்கத்தையும் பூசுங்கோ, ஒரு பக்கம் மட்டும் பூசினா மரம் வளையும்.

கிறவல்றோட்டு:
பவுடர் கோட்டிங், அனோடைசிங் எண்டும் சொல்லுறாங்களே?

பெற்றோல்ராங்:
ரெண்டும் உறுதி. அனோடைசிங் தனிப் பூச்சில்லை, உலோகத்தின்ர ஒக்சைட்டே தடிக்கிறது, அதால பெயின்ற் மாதிரி உரியாது. அதில உங்கட பச்சை நிறத்தை அப்பிடியே கொண்டு வாறதுதான் கஷ்டம். பவுடர் கோட்டிங் எண்டா பெயின்ற்றைப் பொடியா அடிச்சு, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில சுடுவினம். பிளாஸ்ரிக், ரப்பர் எல்லாம் கழற்ற வேணும். பூச்சும் தடிப்பு, ஓட்டைகளை அடைச்சுக் குடுங்கோ.

கிறவல்றோட்டு:
ரெண்டு கிழமை கழிச்சுத் திரும்பி வந்திருக்கிறன். ஒரு அலுமினியத் துண்டில முதல் அடிச்சுப் பார்த்தன்; கீறி ரேப் இழுக்க ஒரு சதுரமும் வரேல்லை. நேற்றுக் கேஸுக்குக் கிளியர் முடிஞ்சுது. தொட்டா ஒட்டுதில்லை, இண்டைக்குப் பூட்டலாமோ?

பெற்றோல்ராங்:
பூட்டாதேங்கோ. மேல காய்ஞ்சாலும் உள்ளுக்கு இறுக ஒரு கிழமையாவது வேணும். இப்ப திருகாணியை முறுக்கினா அதைச் சுத்தி வெடிக்கும். நிழலில வையுங்கோ, நகத்தால அழுத்திப் பார்க்கிறதெண்டா அடிப்பக்கத்தில பாருங்கோ.